படைக்கலம் ஈயாமை



தசலட்சணப் பருவத்தின் முதல் நாள் உத்தமப் பொறுமைக்கு உரிய நாள் என்பதைச் சிராவகப் பெருமக்கள் யாவரும் அறிவர். அந்நாளில் அம்பத்தூரில் ஓர் அன்பரின் இல்லத்தில் கூடியிருந்தோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிற்பேட்டைக்கும் ஆவடி ஆலைகளுக்கும் பணி தேடி வந்து, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலேயே நிலைத்துவிட்ட குடும்பத்தினர் பலர் வந்திருந்தனர். பொறுமையின் சிறப்பைக் கூறி முடித்தவுடன், ஆவடிப் பக்கம் சிறு நகைக்கடை நடத்தும் அன்பர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, பொறுமை உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கொள்ளையன் துப்பாக்கியோடு வருகிறான். உரிமம் பெற்று நானும் ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் பாவமா? நல்லவன் கையில் துப்பாக்கி இல்லாமல் செய்யும் சட்டத்தால் யாருக்கு நன்மை? நீங்களே சொல்லுங்கள்" என்று வினவினார்.

அவர் அமர்வதற்குள், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் தயங்கியவாறே, "முப்பது ஆண்டுகள் டாங்கி செய்த கை இது. எனக்கும் சேர்த்து விடை சொல்லுங்கள், ஐயா" என்றார்.

அவ்விரண்டு வினாக்களுக்கும் அன்று நாம் கூறிய விடையை, பின்னர் சிந்தித்துத் தெளிந்தவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகின்றோம்.

நகைக்கடை அன்பரின் அச்சம் வீண் அச்சமன்று. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் நகைக்கடை ஒன்றில் பட்டப்பகலில் புகுந்த கும்பல், துப்பாக்கியைக் காட்டி மிரட்டிக் கடைக்காரரைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒன்றரைக் கோடி ரூபாய் அளவிலான நகைகளை அள்ளிச் சென்றது. அதே மாத இறுதியில், அருகிலுள்ள மிட்டனமல்லியில் முதிய தம்பதியர் தம் வீட்டிலேயே கொலையுண்டனர். அங்கே துப்பாக்கி இல்லை. கூரிய கருவி ஒன்றே அவ்விரு உயிர்களையும் பறித்தது.

இரு வாரங்களுக்குள், அருகருகே உள்ள ஊர்களில் நிகழ்ந்தவை இவை. துப்பாக்கி வந்த இடத்தில் பொருள் போயிற்று, உயிர் தப்பியது. துப்பாக்கி வராத இடத்தில் இரண்டு உயிர்கள் போயின. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தால் கொலை குறையுமா என்று உலகெங்கும் அறிஞர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தின் இரு பக்கங்களும் நம் தெருக்கோடியிலேயே நிற்கின்றன.

நம் நாட்டுச் சட்டத்தை முதலில் காண்போம். லிட்டன் பிரபு ஆட்சியில் 1878-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. அது ஆள்வோரின் அச்சத்தில் பிறந்த சட்டம். விடுதலைக்குப்பின் அதன் இடத்தில் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அந்த வேறுபாட்டை நீக்கி எல்லாருக்கும் பொதுவாயிற்று. துப்பாக்கி வைத்திருத்தல் நம் நாட்டில் பிறப்புரிமை அன்று. தக்க காரணம் காட்டி அரசிடம் பெற வேண்டிய அனுமதி. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

இச்சட்டத்தின் பயன் தமிழ்நாட்டில் கண்கூடு. 2021 செப்டம்பரில் மாநிலமெங்கும் காவல்துறையினர் ரவுடிகளைத் தேடிச் சோதனையிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளும் அரிவாள்களும் சிக்கின. சிக்கிய நாட்டுத் துப்பாக்கிகள் ஏழே. துப்பாக்கி இங்கே அரிதாக இருப்பதற்கு நம் மக்கள் பிறரினும் சாந்தமானவர்கள் என்பது காரணமன்று. எளிதில் கிடைக்காமையே காரணம். ஆயினும் துப்பாக்கி கிட்டாத கை அரிவாளை எடுத்தது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. அக்காலத்தில், அரிவாள் செய்யும் பட்டறையினர் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்க வேண்டும் என்று காவல்துறை அறிவுறுத்தியதும் இதனாலேயே. கதிர் அறுக்கவும் தேங்காய் வெட்டவும் பிறந்த கருவிக்கு எத்தனை பதிவேடு வைத்து முடியும்?

மற்றொரு நிகழ்ச்சியையும் நகைக்கடை அன்பருக்கு நினைவூட்டினோம். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவராயிருந்த ஆம்ஸ்ட்ராங், தம் வீட்டருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலை முன்னிட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த அது, ஜூன் மாதத்திலேயே அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று காவல் ஆணையர் தெரிவித்தார். திடீரெனச் சூழ்ந்த அரிவாள்களின் முன் அத்துப்பாக்கி அவரைக் காக்கவில்லை. எண்ணித் திட்டமிட்டு வருபவன் நேரத்தையும் இடத்தையும் தானே தேர்கிறான். காப்பவனுக்கோ பெட்டியைத் திறக்கும் நேரமும் கிட்டுவதில்லை.

இனி, பிற நாட்டார் வாதத்தைக் கேட்போம். அமெரிக்காவில் மக்கள் தொகையினும் மக்கள் கையிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை மிகுதி. "நல்லோர் கையில் துப்பாக்கி மிகுந்தால் குற்றம் குறையும்" என்று ஜான் லாட் என்னும் அறிஞர் 1998-ஆம் ஆண்டு ஒரு நூலில் வாதிட்டார். அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-இல் சான்றுகளை ஆராய்ந்து, அவ்வாதத்தை மெய்ப்பிக்கவும் இயலவில்லை, பொய்ப்பிக்கவும் இயலவில்லை என்று கூறியது. ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் 1996 ஏப்ரல் 28 அன்று ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்றான். இரு வாரங்களுக்குள் மாநிலங்கள் அனைத்தும் ஓர் உடன்பாட்டிற்கு வந்து, ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்பப் பெற்று அழித்தன. அதன்பின் துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. ஆயினும், கொலைகள் முன்பே குறைந்துவந்தன, சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்போரும் உளர். ஜப்பானின் சட்டம் மிகக் கடுமையானது; அங்கே துப்பாக்கிச் சாவு மிக அரிது. ஆனால் 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை ஒருவன் தன் கையாலேயே செய்த துப்பாக்கியால் கொன்றான்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், நமக்குத் தோன்றுவது ஒன்று. நெடுநாள் வஞ்சம் வைத்தவனைச் சட்டம் முற்றிலும் தடுப்பதில்லை. அவன் வேறு வழி காண்பான். ஆனால் ஒரு கணத்துச் சினத்தையும் ஒரு கணத்து மனமுறிவையும், கருவி எட்ட இருப்பதே பல வேளைகளில் தடுத்துவிடுகிறது.

ஒரு கணம் என்பது எத்துணைப் பெரிது என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. பரங்கிமலை – பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ராமாவரம் தோட்டத்தில், 1967 ஜனவரி 12 அன்று, பேசவந்த எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். பல படங்களில் ஒன்றாக நடித்தவர்கள் அவர்கள். ஒருவர் சிறை சென்றார். மற்றவரின் குரல் வாழ்நாள் முழுவதும் மாறியே போயிற்று. அன்று அவ்வறையில் துப்பாக்கி இல்லாதிருந்தால், அப்பேச்சு எவ்வளவு கடுமையாக முடிந்திருந்தாலும் பேச்சாகவே முடிந்திருக்கக்கூடும்.

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வதும் ஹிம்சையே என்பதை நாம் மறக்கலாகாது. 2021-ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். காவலுக்கென்று வாங்கிய கருவி, வாங்கியவன் மீதோ அவன் மகன் மீதோ திரும்பியது. துப்பாக்கி எட்டாத நம் நாடுகளில் அந்த இடத்தைப் பூச்சிமருந்து பிடித்துக்கொண்டது. இலங்கையில் 1995-ஆம் ஆண்டளவில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பின்னாளில் அவ்வெண் மூன்றில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கிற்று. மக்களின் துயரம் அங்கே மூன்றில் ஒன்றாகக் குறையவில்லை. போரும் ஆழிப்பேரலையும் வறுமையும் இருக்கவே செய்தன. நஞ்சு எட்டப்போயிற்று, அதனால் பல்லாயிரவர் மறுநாள் காலையைக் கண்டனர்.

அன்பர்களே, இவ்வுண்மையை அறிவதற்கு நம் முன்னோருக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு மூன்று குணவிரதங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். அதாவது, பயனில்லாத தீங்குகளிலிருந்து விலகுதல். அத்தீங்குகள் ஐவகை. அவ்வைந்தில் ஒன்றே ஹிம்சாதானம். கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு, விலங்கு முதலிய கொலைக்கும் வதைக்கும் உதவும் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். படைக்கலத்தையும் நஞ்சையும் ஒரே வரிசையில் வைத்த அப்பெரியோரின் கூர்மையை எண்ணிப் பாருங்கள்! தானம் என்னும் சொல் நமக்கு எத்துணை இனியது! அன்னதானம், ஒளடததானம், சாத்திரதானம், அபயதானம் என்று நான்கு தானங்களைப் போற்றும் நம் சமயம், ஒரு தானத்தை மட்டும் செய்யாதே என்று தடுக்கிறது.

இனி ஓய்வுபெற்ற முதியவரின் வினாவிற்கு வருவோம். இல்லறத்தான் செய்யும் ஹிம்சை நால்வகைப்படும். கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கற்ப ஹிம்சை. அடுப்பு மூட்டல், வீடு பெருக்கல் போன்றவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, தொழில் ஆகியவற்றில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதே நெறி. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவத்தை எழுப்பிய சாவுண்டராயர் கங்க நாட்டின் படைத்தலைவர். நாடு காத்த அவரை நம் சமயம் விலக்கிவைக்கவில்லை. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவான நாள்முதல் அங்கே உழைத்தோர், ஒரு தனியாளின் சினத்திற்குக் கருவி கொடுத்தவர் அல்லர். ஆணைக்கும் ஒழுங்கிற்கும் கட்டுப்பட்ட ஒரு காவலுக்கு உழைத்தவர். ஆதலின் அது ஹிம்சாதானம் ஆகாது என்றே கருதுகின்றோம். எனினும் அதில் ஹிம்சையே இல்லை என்று கூறி அம்முதியவரை நாம் ஏமாற்றவில்லை. "பெருமை கொள்ளவும் வேண்டா, மனம் குமையவும் வேண்டா. நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணத்தில் அதையும் சேர்த்து நினையுங்கள்" என்றோம். அவர் கண்களை மூடிக் கைகூப்பினார்.

படைக்கலமும் சினமும் கூடும் கணத்தை நம் புராணம் ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. ஆதிநாதரின் மைந்தர்களாகிய பரதரும் பாகுபலியும் போருக்கு அணிவகுத்தபோது, அமைச்சர்கள் குறுக்கிட்டனர். "உடன்பிறந்தோர் இருவரின் பூசலுக்கு இத்தனை வீரர் ஏன் மடிய வேண்டும்? படைக்கலமின்றி நீங்கள் இருவரே பொருதுங்கள்" என்றனர். இருவரும் இசைந்தனர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்று நடந்தன. அன்று எந்தத் தாயும் தன் மகனை இழக்கவில்லை. அவ்வுடன்பாட்டை ஓர் ஆயுதச் சட்டம் என்றே சொல்லலாம். அது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. ஆனால் மூன்றிலும் தோற்ற பரதர், வெகுளி மீதூர, உடன்பாட்டை மறந்து சக்கரத்தை ஏவினார். அச்சக்கரம் பாகுபலியை வலம் வந்து நின்றது என்பது நாம் அறிந்ததே. சக்கரம் கையில் இருந்ததனால் அன்றோ அறிவுடைய பேரரசரும் அதை ஏவினார்? வென்ற பாகுபலியோ தம் வெற்றியையே வெறுத்துத் துறவு பூண்டார். உடன்பாடு படைகளைக் காத்தது. உள்ளத்தைத் திருத்தும் பணி உடன்பாட்டால் ஆகாமல், துறவால் ஆயிற்று.

கருவியே இல்லாவிடினும் உள்ளம் கொல்லும் என்பதை யசோதரர் வரலாறு உணர்த்துகிறது. உயிர்ப்பலி இட மறுத்த அம்மன்னன், தாயின் சொல்லைத் தட்ட மாட்டாமல் மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டினான். மாக்கோழிக்கு உயிர் ஏது? ஆயினும் வெட்டும்போது இருந்த எண்ணம் கொலை எண்ணமே. அதன் பயனாய்த் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் இன்னும் பலவாகவும் பிறந்து பிறந்து துயருற்றனர். புறத்தே நிகழும் திரவிய ஹிம்சையைச் சட்டம் தடுக்கலாம். அகத்தே நிகழும் பாவ ஹிம்சைக்குள் எந்தக் காவலரும் நுழைய முடியாது. அங்கே காவல் நிற்பது விரதம் ஒன்றே.

ஆதலின் நம் இல்லங்களில் செய்யத் தக்கவற்றைச் சிறிது கூறுவோம்.

பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் 2018 பிப்ரவரி 6 அன்று ரவுடி ஒருவன் அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடியதும், அங்கே கூடியிருந்த எழுபதுக்கு மேற்பட்டோரைக் காவல்துறையினர் சுற்றிவளைத்துப் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். வருந்தத்தக்கது யாதெனில், அப்படத்தைக் கண்டு வாளாலும் அரிவாளாலும் கேக் வெட்டும் இளைஞர்கள் பின்னரும் தோன்றியதே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள். அத்தகைய படத்தை நம் பிள்ளை பார்த்து ரசித்துப் பிறருக்கு அனுப்பினால், அது உடன்படுதலே. கடியாமல், அருகில் அமர்த்தி இதனைச் சொல்லுங்கள்.

ஊரில் நிலம் உள்ளோர் பூச்சிமருந்தைக் கொல்லைப்புறத்தில் திறந்து வைக்க வேண்டா. பூட்டி வையுங்கள், இயன்றால் நஞ்சில்லா வேளாண்மைக்கு மாறுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோரின் சாவைக் குறைக்கின்றன என்பதில், மற்ற சட்டங்களைப் பற்றி வாதிடும் ஆய்வாளரிடையேயும் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஒரு பூட்டு அவ்வளவு செய்யும். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் நாளில் கத்தியும் மருந்தும் கயிறும் எங்கே உள்ளன என்று பார்ப்பது பெரியோரின் கடமை; அவர் அருகிலேயே இருந்து பேச்சுக் கொடுப்பது அதனினும் பெரிய கடமை.

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளே நமக்குத் தீபாவளி. அந்நாளில் விளக்கேற்றி வணங்கிய கையோடு, பொட்டுவெடி வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியைப் பேரன் கையில் கொடுக்கின்றோம். அவனும் தாத்தாவை நோக்கி நீட்டி, "டுமீல், செத்துட்டீங்க" என்கின்றான். நாமும் விழுவது போல் நடித்துச் சிரிக்கின்றோம். குழந்தையின் மீது குற்றம் இல்லை. மாக்கோழியின் கதையைத் தெரிந்தவர்கள் நாம். கொடுத்தவர்களும் நாம்.

நகைக்கடை அன்பருக்கு நாம் கூறிய விடை இது: "தற்காப்பை நம் சமயம் இல்லறத்தாருக்கு மறுக்கவில்லை. உரிமம் கேட்பதை நாட்டுச் சட்டமும் தடுக்கவில்லை. ஆதலின் பாவி என்று உங்களை யாரும் சொல்ல மாட்டார். ஆயினும் வருமோ வராதோ என்னும் ஒரு கொள்ளையனுக்காக, என்றும் உங்களுடன் இருக்கப்போகும் சினத்திற்கும் சோர்வுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அருகில் அக்கருவியை வைக்கப் போகிறீர்கள். வலுவான கதவு, எச்சரிக்கை மணி, கண்காணிப்புக் கேமரா, பக்கத்துக் கடைக்காரரின் நட்பு ஆகியவற்றை முதலில் தேடுங்கள். போன பொன்னை மீண்டும் ஈட்டலாம்."

அவர் அன்று மறுமொழி கூறவில்லை. சில வாரங்கள் கழித்துக் கண்டபோது, "விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஐயா. இன்னும் கொடுக்கவில்லை" என்றார். நாமும் மேலே கேட்கவில்லை. அச்சத்தோடு கடை திறப்பவர் அவர். அவர் விரதத்தை அவரே தேர வேண்டும்.

சட்டம் நல்லது; அதனை மதிப்போம், இன்னும் செம்மையுற வேண்டுவோம். அது எட்டாத இடத்தில், நம் கைகளால் எவருக்கும் கொலைக் கருவி சேராதிருக்கட்டும். உத்தமப் பொறுமை நாளில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் நாம், வரும் தீபாவளிக்குப் பேரன் கையில் ஓர் அகல்விளக்கைக் கொடுப்போமாக.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!